ஜம்ஜம் பாட்டிலில் நான் ஊற்றியது

ஊற்றியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கண்ணேறு என்பார்கள், பிள்ளையின் சேட்டை என்பார்கள், பெற்றவள் கவனிக்கவில்லை என்பார்கள். என் தங்கச்சி மகளுக்கு நடந்ததில் கண்ணும் இல்லை, சேட்டையும் இல்லை. பெற்றவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெரிய பாட்டிலில் இருந்ததைச் சின்ன பாட்டில்களில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி, மூடியைத் திருகி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தது நான்.

சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். பதினான்கு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. ஊர், மண்டபத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அரபு நாட்டில் இருப்பார், இல்லையென்றால் இருந்துவிட்டு வந்திருப்பார். அதனால் பெட்டி உடைப்பது என்றால் எல்லோருக்கும் தெரியும். வந்த மறுநாள் சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்து உட்காருவார்கள். கொண்டு வந்தவன் நடுவில் கத்தியோடு உட்கார்ந்து அட்டைப்பெட்டியின் டேப்பை அறுப்பான். உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும் பங்கு வைக்க வேண்டும். பால் மாவு, சோப்பு, தைலம், பேரீச்சம்பழம் எல்லாம். ஒரே ஒரு பொருள் இருந்தால் அதையும் எப்படியாவது பிரிக்க வேண்டும். பிரிக்காமல் உள்ளே எடுத்து வைத்தால் அடுத்த லீவு வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்கள். போன தடவை நான் கொண்டு வந்த பெட்டியில் அப்படி ஒற்றையாக இருந்தது ஒரு பொருள்தான். அரை லிட்டர் மவுத்வாஷ்.

அது வேறு யாருக்கும் வாங்கியதல்ல. எனக்கு வாங்கியது. நான் சிகரெட் குடிப்பவன். லீவில் வந்தால் வாய் நாற்றம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வாங்கினேன். அந்தக் கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் ஆல்கஹால் இல்லை என்று முன்பக்கமே பெரிதாகப் போட்டிருந்தது. இன்னொன்றில் அப்படி இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்னால் சின்ன எழுத்தில் அந்த வார்த்தை இருந்தது. என் இங்கிலீஷ் பெரிய இங்கிலீஷ் இல்லை, ஆனால் அந்த வார்த்தை எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். நாக்கு எரிந்தால்தான் வாய் சுத்தமான மாதிரி இருக்கும் எனக்கு. குடிக்கப் போவதில்லை, கொப்பளித்துத் துப்பத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். மார்க்கப்படி அது கூடுமா கூடாதா என்று இங்கே விவாதம் பண்ண நான் வரவில்லை. அதற்கு ஓதியவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை என்பதை.

பெட்டியிலிருந்து அதை எடுத்ததும் தங்கச்சி கையில் வாங்கிப் பார்த்தாள். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“காக்கா, இதென்ன, தண்ணி மாதிரி இருக்கு?”

“வாய் கொப்பளிக்கிற மருந்து. பல்லுல பூச்சி அண்டாது. வாய் மணக்கும்.”

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அதான் லீவுல வந்த மொத ஒரு வாரம் மட்டும் மணக்குதோ?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“என் மகளுக்குக் கொடுக்கலாமா? கடவாப்பல்லு ரெண்டு கறுத்துப் போச்சு, ராத்திரியெல்லாம் வலிக்குதுங்கிறா” என்று தங்கச்சி கேட்டாள்.

“தாராளமா கொடு.”

தங்கச்சி மாப்பிள்ளை, எனக்கு மச்சான், ஓரமாக உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார். மீன் பெட்டிகளை வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டு போகிறவர். வாய் ஓயாது. “நீ அனுப்பின சாக்லேட்டுதான் அந்தப் பல்ல அரிச்சுச்சு. இப்ப அதுக்கு மருந்தும் நீயே கொண்டாந்துட்டே. நல்லாத்தான் இருக்கு மச்சான் ஓன் யாவாரம்” என்றார்.

பெரியம்மா மகள் ஒருத்தி, எனக்கு ராத்தா, அதாவது அக்கா முறை, அவளும் கேட்டாள். “எனக்கும் ஒரு பாட்டில்ல ஊத்துப்பா. என் கடைசிப் பிள்ளைக்கு வாயத் தொறந்தா கருவாட்டுக் கூடையத் தொறந்த மாதிரி இருக்கு.”

என் மனைவி ஒருத்திதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். “சின்னதுக குடிச்சிராதா?”

அதற்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. “மதரஸா போற பிள்ளைக. தொழுகைக்கு ஒளு எடுக்கையில ஒவ்வொரு தடவையும் மூணு வாட்டி வாய் கொப்பளிச்சுத் துப்புதுக. இந்த ஊர்ப் பிள்ளைக்குத் துப்பச் சொல்லிக் கொடுக்கணுமா?” எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கே நான் சொன்னது ரொம்பச் சரி என்று பட்டது.

வருவதற்கு முன்னால் மக்காவுக்குப் போய் உம்ரா செய்துவிட்டு, அங்குள்ள புனிதக் கிணற்று ஜம்ஜம் தண்ணி ஒரு கேன் கொண்டு வந்திருந்தேன். மக்காவிலிருந்து யார் வந்தாலும் அதை எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பது வழக்கம். அதற்கென்று இராமநாதபுரம் கடையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் விற்கிறது. உள்ளங்கை அளவு, பச்சை மூடி, அரபு எழுத்து போட்ட ஒரு ஸ்டிக்கர். என் மனைவி அதில் இரண்டு டஜன் வாங்கி வைத்திருந்தாள். ஜம்ஜம் ஊற்றி முடித்த பிறகு அஞ்சு பாட்டில் காலியாக மிஞ்சியது. அதில்தான் மவுத்வாஷை ஊற்றினேன். தங்கச்சிக்கு ஒன்று, ராத்தாவுக்கு ஒன்று, அடுத்த தெரு மாமுவுக்கு ஒன்று, பள்ளிவாசல் பக்கத்து மாமி வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பெரிய பாட்டிலை என் மனைவி கழுவி, லேபிளை உரித்துவிட்டு, தண்ணி பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். நல்ல கெட்டி பாட்டில் என்று அவளுக்குச் சந்தோஷம்.

ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அது நடந்தது வெள்ளிக்கிழமை. தங்கச்சி வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நானும் மச்சானும் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருந்தோம். கொல்லைப் பக்கம் கை கழுவும் இடத்திலிருந்து தங்கச்சி மகள் வந்தாள். ஆறு வயது முடியவில்லை. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று வைத்தாள். சுவரில் தோளை இடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏலே, இங்க பாரு” என்றார் மச்சான். “கடல்ல ஒரு மாசம் கெடந்துட்டு எறங்கி வந்தவன் மாதிரில்ல நடக்கா.”

நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். திரும்பவும் நடந்து காட்டினாள். இரண்டாவது தடவை நடக்கும்போது உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே தலை ஒரு பக்கம் சாய்ந்தது. தங்கச்சி ஓடி வந்து தூக்கினாள். “என்னம்மா, தலை சுத்துதா? வெயில்ல ஆடுனியா?” என்று கேட்டாள். பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்தது. அந்த வாயிலிருந்து வந்த புதினா வாசம் எனக்குத் தெரியும். என் வாயில் தினமும் வருகிற வாசம்.

கை கழுவும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தங்கச்சி இன்னும் கொடுக்க ஆரம்பிக்காத அந்தப் பாட்டிலின் பச்சை மூடி திறந்து கிடந்தது. பாட்டிலில் அடியில் ஒரு விரல் அளவுகூட மிச்சமில்லை.

“பல் மருந்தக் குடிச்சிருக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பத்துப் பேர் பத்து வைத்தியம் சொன்னார்கள். தயிர் கொடு என்றார்கள், புளித்தண்ணி கொடு என்றார்கள், தொண்டையில் விரலை விடு என்றார்கள். என் மனைவி ஒரு டம்ளரில் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பிள்ளையின் வாயில் வைத்துப் பிடித்தது நான். அரை டம்ளர் உள்ளே போனது. பிள்ளைக்குப் புரையேறி, முகம் கறுத்து, மூக்கால் தண்ணி வந்தது. தங்கச்சி என் கையைத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டு போனது. அவள் தட்டிவிட்டது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் தெரிந்தது.

மச்சான் வேனை எடுத்தார். முன்சீட்டில் தங்கச்சி மடியில் பிள்ளை. நான் பின்னால் காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே. அந்தச் சின்ன பாட்டிலைக் கையில் வைத்திருந்தேன். சீமைக் கருவேலம் இரண்டு பக்கமும் நின்ற அந்த ரோட்டில் எவ்வளவோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்கு அது முடியவே இல்லை. பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இராமேஸ்வரம் ரயில் வர நேரம் இருந்தது. மச்சான் இறங்கிக் கேட் கீப்பரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். ரயில் கிளம்பியாச்சு, இனித் தூக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

மச்சான் வேனின் பின்பக்கம் வந்து நின்றார்.

“மச்சான், அதுல என்னதான் இருக்கு?”

“புதினா. புதினா எண்ணெய். இன்னும் ஏதோ மருந்து.”

“வேற ஒண்ணுமில்லையே?”

“இல்ல.”

இதைத்தான் நான் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்தது. பயத்தில் உளறினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முன்சீட்டுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி வழியாக, பிள்ளையின் தலை தங்கச்சியின் கை மேல் துணி மாதிரித் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? உம்ரா முடித்துவிட்டு வந்தவன் ஜம்ஜம் பாட்டிலில் சாராயம் ஊற்றிக் கொடுத்தான் என்று ஊர் சொல்லும். அதுதான் ஓடியது. ஒரு பிள்ளையின் உயிரையும் என் பெயரையும் பக்கத்தில் வைத்து, பெயரை எடுத்துக்கொண்டேன். ரயில் போனது. கேட் திறந்தது.

இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் பெண். சின்ன வயது. பிள்ளையைப் படுக்க வைத்ததும் கண்ணைத் திறந்து டார்ச் அடித்தார், கன்னத்தில் தட்டினார், விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் செய்துகொண்டே எங்களிடம் கேட்டார்.

“என்ன குடிச்சா?”

“பல்லுக்கு வாய் கொப்பளிக்கிற மருந்து” என்றாள் தங்கச்சி.

“மவுத்வாஷா? பாட்டில் கொண்டு வந்தீங்களா?”

நான் நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஒண்ணும் எழுதலையே. இது தண்ணி பாட்டில். மருந்து வந்த பாட்டில் எங்க?”

“அது வீட்ல. லேபிள உரிச்சாச்சு” என்றேன்.

“சரி. ஆல்கஹால் உள்ளதா, இல்லாததா? ரெண்டும் விக்கிறாங்க.”

மச்சான் முந்திக்கொண்டார். “டாக்டரம்மா, நாங்க முஸ்லிம். அந்தச் சாமான் எங்க வாசப்படி ஏறாது. கேக்குறதப் பாத்துக் கேளுங்க.”

“நான் உங்க மதத்தக் கேக்கலண்ணே. பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு கேக்குறேன். இவளுக்குக் கல்லீரலா, குடலா, மூளையா, எங்க பாக்கணும்னு எனக்குத் தெரியணும். பாம்பு கடிச்சாலும் இப்படித்தான் கிடக்கும், ஃபிட்ஸ் வந்தாலும் இப்படித்தான் கிடக்கும். நீங்க சொன்னாத்தான் நான் நேரா போக முடியும்.”

“இல்லங்கிறேன்ல. என் மச்சான் வாங்கினது. உம்ராவுக்குப் போயிட்டு வந்த மனுஷன். அவரக் கேளுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். மச்சானும் பார்த்தார். அவர் முகத்தில் என் மேல் அவ்வளவு நம்பிக்கை. தங்கச்சி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரையும் பார்க்கவில்லை.

“இருக்கு” என்றேன். “ஆல்கஹால் உள்ளதுதான். எனக்குத் தெரியும்.”

மச்சான் ஓரடி பின்னால் நகர்ந்தார். டாக்டர் நர்ஸைப் பார்த்து, “சுகர் என்ன?” என்று கேட்டார். நர்ஸ் ஒரு எண்ணைச் சொன்னார். டாக்டர் முகம் மாறியது. குளுக்கோஸ் என்றார், உடனே ஊசி ஏற்றினார்கள். பிறகு என்னைப் பார்த்து, எவ்வளவு குடித்திருப்பாள், எப்போது, கடைசியாக எப்போது சாப்பிட்டாள், வாந்தி எடுத்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். உப்புத் தண்ணி கொடுத்ததையும் சொன்னேன்.

“யார் கொடுத்தது?”

“நான்.”

“மயக்கத்துல இருக்கிற பிள்ளை வாய்ல எதையும் ஊத்தாதீங்க. தண்ணிகூட வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீங்க. அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா, குடிச்சது கொல்லாட்டியும் நீங்க கொன்னிருப்பீங்க.” கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அப்படிச் சொன்னதுதான் உள்ளே போனது.

பெரியவர்களுக்கு அது ஒரு மடக்குச் சாராயம், பிள்ளைக்கு அது வேறு என்று பிறகு விளக்கினார். சின்ன உடம்பில் அது சர்க்கரையை இறக்கிவிடுமாம். போதையில் தூங்குகிறாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே மூளைக்குத் தீனி இல்லாமல் போய்விடுமாம். சிலதுகளுக்கு ஃபிட்ஸ் வருமாம். தூங்கட்டும் என்று பாயில் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் பிள்ளை கண் விழித்துத் தண்ணி கேட்டாள். மச்சான் வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன், முழித்துவிட்டாள் என்று. அல்ஹம்துலில்லாஹ் என்றார். உள்ளே போக இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார்.

“கேட்டுல வச்சே கேட்டேன்ல மச்சான்” என்றார்.

அவ்வளவுதான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவ்வளவு பேசுகிற மனுஷன், அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை.

மறுநாள் காலையில் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏம்மா அதக் குடிச்சே?”

“பல்லு வலிச்சுச்சு. ஜம்ஜம் குடிச்சுட்டுத் துவா கேட்டா வலி போயிரும்னு உம்மா சொன்னாங்க.”

“எரியலையா?”

“எரிஞ்சுச்சு. கிப்லாவப் பாத்து நின்னு, பிஸ்மி சொல்லி, மூணு மடக்கா குடிச்சேன். மூணாவது மடக்கு ரொம்ப எரிஞ்சுச்சு.”

“அப்பத் துப்ப வேண்டியதுதானே?”

அவள் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

“ஜம்ஜத்தப் போய் யாராச்சும் துப்புவாங்களா மாமா?”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அவளுக்குத் துப்பத் தெரியும். நான் பெட்டி உடைத்த அன்றைக்குச் சொன்னது அந்த மட்டில் பொய்யில்லை. ஆனால் துப்பக் கூடாது என்றும் அவளுக்குத் தெரியும், எதைத் துப்பக் கூடாது என்றும் தெரியும். நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். அந்தப் பச்சை மூடி பாட்டிலைப் பார்த்தால் மக்கா இருக்கும் திசை நோக்கி நின்று, நினைத்ததைக் கேட்டு, ஒரு சொட்டு வீணாக்காமல் குடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். பிள்ளை சொன்னதைச் செய்தது. லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் ஆறு வயசுப் பிள்ளை லேபிளைப் படிக்காது. பாட்டிலின் உருவத்தைத்தான் படிக்கும். மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பவனை நாம் முட்டாள் என்று திட்டுகிறோம். நான் அவனுக்கு எந்த விதத்தில் மேல்?

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஆறு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு இது எந்த வகையும் வேண்டாம் என்றார். அதற்கு மேலே உள்ள பிள்ளைக்கும் பல் டாக்டர் சொன்னால்தான், அதுவும் ஆல்கஹால் இல்லாதது, அளந்து ஊற்றி, பெரியவர் பக்கத்தில் நின்று, துப்பியதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வந்த பாட்டிலிலேயே இருக்க வேண்டும், பிள்ளை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். “கறுத்த பல்லு இதால வெளுக்காதுண்ணே. பட்டாணி அளவு பேஸ்ட் வச்சு, காலையில ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை நீங்களே தேச்சு விடுங்க. வலிக்கிற பல்ல பல் டாக்டர்ட்ட காட்டுங்க. அத விட்டுட்டு வாய மணக்க வச்சா, நோவ மூடி வைக்கிறதுதான்” என்றார்.

“பிள்ளைக்குத் துப்பத் தெரியுமான்னு எப்படிப் பாக்குறது டாக்டரம்மா?” என்று கேட்டேன்.

“பச்சத் தண்ணி ஒரு மூடி ஊத்துங்க. ஒரு காலி டம்ளர்ல துப்பச் சொல்லுங்க. போனது திரும்பி வருதான்னு பாருங்க.”

அப்போதுதான் மற்ற பாட்டில்கள் ஞாபகம் வந்தது. நேற்றே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குள் போகாமல் மாமு வீட்டுக்குப் போனேன். அதில் சாராயம் கலந்திருக்கிறது, தெரிந்தேதான் கொடுத்தேன், திருப்பித் தாருங்கள் என்று வாசலில் நின்றே சொன்னேன். அவர் பாட்டிலை எடுத்து வந்தார். பாதி காலி. “நான் தைலம்னுல்ல நெனச்சேன். முட்டிக்குத் தேச்சேன். குளுகுளுன்னு இருந்துச்சே” என்றார். பள்ளிவாசல் பக்கத்து மாமி அப்படி விடவில்லை. என் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, “ஓன் வாய் நாத்தத்துக்கு எங்க வாயையும் சேத்து அசிங்கப்படுத்திட்டியே. இத வச்சுக்கிட்டு நாலு நாளா தொழுதிருக்கேன்டா பாவி” என்றாள். தெருவில் நாலு பேர் நின்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று நின்றேன். சொல்லச் சொல்லத்தான் அந்த ரயில்வே கேட் கொஞ்சமாவது என் நெஞ்சைவிட்டு நகர்ந்த மாதிரி இருந்தது. ஆனாலும் முழுதாக நகரவில்லை.

கடைசியாக, ஊர்க்கோடியில் இருக்கும் ராத்தா வீடு. அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு நாலு வயது. நான் சொன்னதைக் கேட்டதும் ராத்தா நெஞ்சில் கை வைத்தாள். பிறகு கொஞ்சம் தெளிந்தாள்.

“என் பிள்ளை குடிக்கலப்பா. நான் பக்கத்துல நின்னுதான் கொடுக்கேன். காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி. கொளகொளன்னு கொப்பளிச்சுத் துப்பிருவா.”

“துப்புறத நீ பாத்தியா ராத்தா?”

“பின்ன? தலையக் குனிஞ்சு துப்புறால்ல.”

“ஒரு மூடி தண்ணி கொண்டா. ஒரு காலி டம்ளரும்.”

கொண்டு வந்தாள். பிள்ளை எங்களுக்கு நடுவே நின்று, பெருமையாக வாயைத் திறந்து தண்ணியை வாங்கியது. கன்னத்தை உப்பி நன்றாகக் கொப்பளித்தது. தலையைக் குனிந்து டம்ளரில் துப்பியது. பெரிய சத்தத்தோடு துப்பியது. ராத்தா டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் கொஞ்சம் எச்சில் நுரை. வேறு ஒன்றுமில்லை.

“தண்ணி எங்கம்மா?” என்றாள்.

பிள்ளை வாயை ஆவென்று திறந்து காட்டியது. காலியாக இருந்தது.

ராத்தா இன்னொரு மூடி ஊற்றினாள். அதுவும் அப்படித்தான். மூன்றாவது ஊற்றப் போனவள் நிறுத்திவிட்டாள். நாலு நாள், நாளைக்கு இரண்டு என்று அவள் உதடு கணக்குப் போடுவது தெரிந்தது. பிள்ளை நன்றாகத்தான் இருந்தது, விளையாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ராத்தா புர்காவை எடுத்து மாட்டினாள்.

“நான் இன்னிக்கே டாக்டர்ட்ட காட்டணும். நீயும் வா. என்ன ஊத்துனேன்னு நீதான் சொல்லணும். எனக்கு அந்தப் பேரெல்லாம் சொல்லத் தெரியாது.”

வண்டிக்கு யாரைக் கேட்பது? அந்த நேரத்தில் எங்கள் பக்கம் ஆட்டோ கிடைக்காது. மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றேன். கயிற்றுக் கட்டிலில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து சட்டையைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். போகிற வழியெல்லாம் ராத்தாதான் பேசினாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் இல்லை. வேறு ஒருவர், ஆண், கொஞ்சம் வயதானவர். என்ன விஷயம் என்று கேட்டார். நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் என்னைத் தாண்டி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“மவுத்வாஷ், டாக்டர். ஆல்கஹால் உள்ளது. நாலு நாளா, நாளைக்கு ரெண்டு மூடி. பிள்ளை துப்பல, முழுங்கிருக்கு. எங்க வீட்டுல இருந்து போனதுதான்.”